ஆறு வருடம் முன்பு ரத்தம் கொடுத்தோம். இப்போது இன்னொரு கையெழுத்து கேட்கிறார்கள்

தபால்காரி:

அம்பாசமுத்திரம் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம், குடும்ப விஷயம். கிளை அஞ்சலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதே என் பிழைப்பு. அதனாலோ என்னவோ, இந்த விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை.

என் மாமனாரையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் ஏழு பேர். அதில் மூன்று பேருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. தாத்தா கட்டியது சொந்த அக்காள் மகளை. பெரிய மாமா கோவிலுக்கு எதிரே நாற்பது வருடம் தையல் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் அப்பளத்துக்குப் பெயர் போனது. அத்தை அப்பளம் இட்டே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். மூன்றாமவர் இப்போது இல்லை.

ஆறு வருடம் முன்பு ஓர் ஆராய்ச்சிக் குழு வந்து பதினொரு பேரிடம் ரத்தம் எடுத்தது. போன வாரம் அதே குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண், காப்பி குடித்துவிட்டுத்தான் பேசினாள். இந்தக் குறைக்கு வழக்கமாகக் காரணமாக இருக்கும் ஜிஜேபி2 மரபணுவில் எங்களுக்குப் பிழை எதுவும் இல்லையாம். வேறோர் இடத்தின் மேல் சந்தேகம். அதனால் முழு மரபணுத் தொகுதியையும் வாசித்திருக்கிறார்கள். அதை ஒரு தரவு மையத்தில் வைத்து, கேட்கும் மற்ற ஆய்வாளர்களுக்கும் கொடுக்கலாம் என்று புதிய படிவத்தில் கையெழுத்து வேண்டுமாம். "பெயர் இருக்காது, எண் மட்டும்தான்" என்றாள்.

மாமாவின் பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். வேறென்ன சொல்ல. யார் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? வேண்டாம் என்றால் திரும்பக் கிடைக்குமா?

மேலப்பாளையத்தான்:

அக்கா, நான் ஹைதராபாத்தில் இந்த மாதிரித் தரவுகளைப் பராமரிக்கும் வேலையில்தான் இருக்கிறேன். உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். மரபணுத் தரவைப் போஸ்ட் கார்டு போலவும் அனுப்பலாம், பதிவுத் தபால் போலவும் அனுப்பலாம்.

மனித மரபணுத் திட்டம் நடந்தபோது, 1996-ல் பெர்முடாவில் கூடிய ஆய்வாளர்கள், வாசித்த வரிசையை 24 மணி நேரத்துக்குள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள். அது போஸ்ட் கார்டு. அன்றைக்கு அதுவே நியாயமாகவும் இருந்தது, ஏனென்றால் தனியார் நிறுவனம் ஏதாவது அந்த வரிசைகளுக்குக் காப்புரிமை வாங்கிப் பூட்டிவிடும் என்ற பயம் இருந்தது.

பிறகுதான் சிக்கல் தெரிந்தது. நூற்றுக்கணக்கானவர்களின் டிஎன்ஏவைக் கலந்து வெறும் சதவீதமாக வெளியிட்டாலும், ஒருவருடைய டிஎன்ஏ நம் கையில் இருந்தால் அவர் அந்தக் கூட்டத்தில் இருந்தாரா என்று சொல்லிவிடலாம் என்று 2008-ல் காட்டினார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் உடனே அந்த அட்டவணைகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. 2013-ல் இன்னொரு குழு, பெயர் நீக்கிய ஆண்களின், அப்பாவிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமை வம்சாவளி இணையதளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்தது. அந்த நூலைப் பிடித்து ஏறக்குறைய ஐம்பது பேரை அடையாளம் கண்டுவிட்டார்கள்.

ஆகவே இப்போது பதிவுத் தபால் முறை. (அதையும் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், தெரியும்.) கேட்பவர் யார், எதற்கு என்று விண்ணப்பிக்க வேண்டும். ஒரு குழு படித்துப் பார்க்கும். ஆளை அடையாளம் காண முயலமாட்டேன், வேறு யாருக்கும் கைமாற்றமாட்டேன் என்று விண்ணப்பித்தவரின் நிறுவனமே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும். நம் நாட்டில் ஜீனோம் இந்தியா திட்டம் 83 சமூகங்களிலிருந்து 10,000 பேரின் தொகுதிகளை வாசித்தது. 2025 ஜனவரியில் அதை ஆய்வாளர்களுக்குத் திறந்தபோதும் இப்படித்தான். தரவு பரீதாபாத் மையத்தில் இருக்கிறது, விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.

எதற்குப் பகிர வேண்டும் என்று கேட்பீர்கள். டிஎன்ஏவின் 300 கோடி எழுத்துகளில் உங்கள் வீட்டில் மட்டும் ஒரு எழுத்து மாறியிருந்தால் அது குறையா, வெறும் வேறுபாடா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதே இடத்தில் மாறியிருக்கும் இன்னொரு குடும்பம் வேண்டும். அது கடலூரில் இருக்கலாம், கராச்சியில் இருக்கலாம். உலகில் சேர்ந்திருக்கும் தரவில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சத்தாருடையது. நம் ஆட்களின் கணக்கு நம் ஆட்கள் கொடுத்தால்தான் உண்டு.

முக்கூடல்காரன்:

அக்கா, ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அப்பளம் என்று எழுதிவிட்டீர்கள். கல்லிடைக்குறிச்சி. கோவிலுக்கு எதிரே, காது கேட்காத தையல்காரர். என் கல்யாணச் சட்டையை அவர்தான் தைத்தார். டிஎன்ஏ எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

தபால்காரி:

முகத்தில் தண்ணீர் தெளித்ததுபோல் இருக்கிறது. என் வீட்டுக் கடிதத்தை நானே பிரித்துப் பலகையில் ஒட்டிவிட்டேன். திருத்தலாம் என்று பார்த்தால் நேரம் கடந்துவிட்டது என்கிறது இந்தத் தளம்.

மேலப்பாளையத்தான்:

அண்ணாச்சி சொன்னதுதான் எங்கள் வேலையிலும் நடக்கிறது. பூட்டி வைத்த மூன்று ஜிபி கோப்பிலிருந்து ஆள் தெரிவதைவிட, கட்டுரையில் அச்சாகும் குடும்ப மரப் படத்திலிருந்துதான் சுலபமாகத் தெரிந்துவிடும். ஏழு பிள்ளைகள், மூன்று பேருக்குக் கறுப்பு அடையாளம், மேலே நெருங்கிய உறவுத் திருமணத்துக்கு இரட்டைக் கோடு. கீழே "திருநெல்வேலி மாவட்டம்" என்று ஒரு வரி. முடிந்தது கதை. மாவட்டம் வேண்டாம், தென்னிந்தியா என்று மட்டும் போடுங்கள், தொழில் வேண்டாம், முழுக் குடும்ப மரமும் விண்ணப்பித்து வாங்கும் பகுதியிலேயே இருக்கட்டும் என்று எழுதிக் கேளுங்கள்.

திரும்பப் பெறுவது பற்றி: வேண்டாம் என்று சொன்ன நாளிலிருந்து புதிதாக யாருக்கும் தரமாட்டார்கள். அதற்குள் வாங்கிக் கணக்கில் சேர்த்தவர்களிடமிருந்து பிடுங்க முடியாது. இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குபவரை நம்பாதீர்கள்.

பாளை வக்கீல் (ஓய்வு):

தாயி, படிவத்தில் ஒரே ஒரு கட்டம் இருந்தால் கையெழுத்துப் போடாதே. காது சம்பந்தமான ஆய்வுக்கு, வேறு எந்த நோய்க்கும், நாடு கடந்து, மருந்து நிறுவனத்துக்கு, எல்லாம் தனித்தனியாகக் கேட்கச் சொல். அமெரிக்காவில் அரிசோனாவின் ஹவசுபாய் பழங்குடியினர் 1990-களில் சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அதை மனநோய்க்கும், மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆராய்ச்சிக்கும் பயன்படுத்தியது பிறகு தெரியவந்தது. வழக்கு நடந்து 2010-ல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்ச ரத்தத்தையும் திருப்பித் தந்தது. அவர்கள் முக்கியமாகக் கேட்டது அந்த ரத்தத்தைத்தான்.

லாபம் வந்தால் யாருக்கு என்றும் கேள். பாபநாசம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையில் 'ஜீவனி' என்ற மருந்து செய்தார்கள். உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடு. நடைமுறையில் குறைகள் இருந்தன, ஆனாலும் கேட்டதால்தான் எழுத்தில் வந்தது. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்க அம்மாள் 1951-லேயே இறந்துவிட்டார், அவர் உடம்பிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. அந்தச் செல்களின் மரபணுத் தொகுதியை 2013-ல் குடும்பத்தைக் கேட்காமலே வெளியிட்டுவிட்டு, பிறகு அனுமதி தரும் குழுவில் அந்தக் குடும்பத்தாரையே உட்கார வைத்தார்கள்.

2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சாய்ந்து உட்காராதே. அதில் ஆராய்ச்சிக்கு விலக்கு இருக்கிறது. ஆராய்ச்சியை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் படிவத்தில் இருக்கிறதா என்று பார்.

கடைசியாக ஒன்று. எல்லாம் நீயே கேட்கிறாய். உன் பெரிய மாமாவிடம் யாராவது கேட்டீர்களா?

தபால்காரி:

வக்கீல் அண்ணாச்சியின் கடைசி வரிக்குப் பதில் சொல்ல எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன். பெரிய மாமாவின் பெயருக்கு நேரே என் மாமனார் கையெழுத்து. மாமாவுக்குக் காதுதான் கேட்காது, நாற்பது வருடம் அளவு நோட்டு எழுதியவர். பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் படித்தவர். எங்கள் சைகை சோற்றுக்கும் மருந்துக்கும்தான் காணும் என்பதால் சைகை மொழி தெரிந்த ஓர் ஆசிரியையை அழைத்துவந்தேன். ஆராய்ச்சிக் குழுப் பெண்ணும் வந்தாள். இரண்டு மணி நேரம்.

மாமா முதலில் கேட்டது: அன்றைக்கு எடுத்த ரத்தத்தின் முடிவு என்ன ஆயிற்று, எனக்குச் சர்க்கரை இருக்கிறதா இல்லையா? ஆறு வருடமாக அதைச் சர்க்கரைப் பரிசோதனை என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். எனக்கும் அங்கே உட்கார முடியவில்லை, அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டேன்.

பிறகு அவரே கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். காது சம்பந்தமான ஆய்வுக்குச் சரி. மற்றவற்றுக்கு வேண்டாம். புதிதாக எதுவும் தெரிந்தால் எனக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும், தம்பியிடம் சொல்லக் கூடாது என்று ஓரத்தில் தன் கையாலேயே எழுதினார். மாவட்டப் பெயரை எடுக்க அந்தப் பெண் ஒப்புக்கொண்டாள். குடும்ப மரத்தைப் பற்றி மேலே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

அத்தை மறுத்துவிட்டார். பேத்தி கல்யாணம் முடியட்டும் என்றார். ஆனால் அண்ணன் கொடுப்பதில் தங்கையுடையதும் பாதியளவு இருக்குமே, அதற்கு என்ன செய்வது?

மேலப்பாளையத்தான்:

இருக்கும் அக்கா. அத்தையின் கோப்பை எடுத்துவிடுவார்கள். மாமாவின் கோப்பிலிருந்து அத்தையை எடுக்க வழியில்லை. எங்கள் கூட்டங்களில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் தேநீர் இடைவேளையும் வந்துவிடும்.

தபால்காரி:

அத்தையைப் பற்றி நான் எழுதிய வரியை மட்டும் நீக்கச் சொல்லி நிர்வாகிக்கு எழுதியிருக்கிறேன். தையல் கடை வரியையும் எடுக்கட்டுமா என்று மாமாவிடம் திரையைக் காட்டிக் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். அந்த முக்கூடல் பையனுக்குச் சட்டை சரியாக இருந்ததா என்று கேட்கச் சொன்னார்.

முக்கூடல்காரன்:

காலர் கொஞ்சம் இறுக்கம் என்று சொல்லுங்கள். இன்னும் வைத்திருக்கிறேன்.