மடிநோய்க்குக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு: கோத்தகிரிக் குளிரில் எப்படிப் போடுவது?

கோத்தகிரிக் கறவை:
எல்லாருக்கும் வணக்கம். ஜெர்சி கலப்பு மாடு, மூன்றாவது ஈத்து, கன்று போட்டு மூணு வாரம். நேத்து சாயங்காலத்திலிருந்து வலது பின்காம்புல பால் திப்பி திப்பியா வருது. அந்தப் பக்கம் மடி சூடா, தடிச்சு இருக்கு. தீனி எடுக்குது, அசை போடுது, காய்ச்சமானி வெச்சா 102. கற்றாழை வைத்தியம்தான் செய்யலாம்னு இருக்கேன். ஆனா வாட்ஸ்அப்ல ஆளுக்கு ஒரு அளவு சொல்றாங்க. எங்க பக்கம் கற்றாழை விரல் தண்டிதான் வரும், கடைப்பொடி போடலாமா? ஐப்பசி மழைல நாளைக்குப் பத்து தடவை மடிய நனைச்சா மாடு தாங்குமா? கூடவே இன்னொண்ணு: மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி ஏறியிருக்கு. வீட்டுல நீலகிரித் தைலம் இருக்கு, தடவலாமா?

மடிக்காரர்:
அளவு இதுதான், வேற எதையும் நம்ப வேண்டாம்: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். இது ஒரு நாளைக்கு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தேசிய பால்வள வாரியமும் சொல்வது இதே கணக்குதான். கற்றாழையின் முள் ஓரத்தைச் சீவிவிட்டு, தோலோடு துண்டாக்கி மிக்சியில் மூணையும் சேர்த்து அரையுங்க. மஞ்சள் சுண்ணாம்போடு சேர்ந்து செங்கல் நிறத்துக்கு மாறணும். மஞ்சளாவே நின்னா சுண்ணாம்பு பழசு, காத்துப் பட்டு வீரியம் போனதுன்னு அர்த்தம். வெத்தலைக்குப் போடுற நீர்த்த சுண்ணாம்பு மட்டும்தான். நீற்றாத கல்லுச்சுண்ணாம்பைப் போட்டா காம்புத்தோல் வெந்துடும். நிறம் வரலையேன்னு 15 கிராமுக்கு மேல ஏத்தினாலும் அதேதான் நடக்கும்.

போடுற முறைலதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. முதல்ல அந்தக் காம்புப் பாலை ஒரு சொட்டு விடாம கறந்து வெளியேத்தணும். பால் உள்ளே நின்னா மேலே எத்தனை பூசினாலும் வீண். அப்புறம் மடியைக் கழுவித் துடைச்சு, அரைச்சதில் ஒரு கை அள்ளி 150 முதல் 200 மில்லி தண்ணில கரைச்சு, நோய்ப்பட்ட பக்கம்னு பார்க்காம மடி முழுக்கப் பூசுங்க. அடுத்த தடவைக்குள்ள காஞ்சு ஒட்டியிருக்கும். அதைக் கழுவிட்டுத்தான் மறுபடி. நாளைக்குப் பத்து தடவை, ஐந்து நாள். கூடவே தினம் ரெண்டு எலுமிச்சையைப் பாதியா வெட்டித் தின்னக் கொடுங்க. பால்ல ரத்தம் கலந்தா, ரெண்டு கை கறிவேப்பிலையை வெல்லத்தோடு அரைச்சு இரண்டு வேளை உள்ளுக்கும் கொடுக்கணும்.

கடைப்பொடி வேண்டாம். அந்தக் கொழகொழப்புதான் மஞ்சளையும் சுண்ணாம்பையும் தோல்ல பிடிச்சு நிறுத்துது, பொடில அது கிடையாது. மெலிஞ்ச மடலா இருந்தா எண்ணிக்கையைக் கூட்டுங்க, தராசுல 250 வந்தாப் போதும். மேட்டுப்பாளையத்திலிருந்து காய்கறி ஏத்தி வர்ற வண்டிக்காரர்கிட்ட சொன்னா தடிச்ச மடலாவே வாங்கிட்டு வந்துடுவாங்க. மார்கழி, தை உறைபனில வெளியே நிக்கிற கற்றாழை வெந்த மாதிரி தொளதொளத்துடும். தொட்டில வெச்சு தாழ்வாரத்துக்குக் கீழே ஒதுக்கிக்கோங்க.

குந்தா மலை:
மேலே சொன்ன அளவு சரி. ஆனா குளிரைப் பத்தி யாரும் பேசலையே? பச்சைத்தண்ணில கரைச்சுப் பூசி, கொட்டாய்க்குள்ள வாடைக்காத்து அடிச்சா காம்பு வெடிச்சுப் புண்ணாயிடும். அந்த வெடிப்பு வழியா மறுபடி கிருமி போகும். வெதுவெதுப்பான தண்ணில கரைங்க, கழுவினதும் உலர்ந்த துணியால ஒத்தி எடுங்க, காத்து வர்ற பக்கம் சாக்கைக் கட்டி மறைங்க. காலை 6 மணிக்கு ஆரம்பிச்சா ஒண்ணரை மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள ஒன்பது முடியும். பத்தாவது, படுக்கப் போகுமுன்.

அதைவிட முக்கியம் தரை. இங்க மரத்தூள் சும்மா கிடைக்குதுன்னு கொட்டாய்ல கொட்டி வெச்சுடுறாங்க. மழைல நனைஞ்ச மரத்தூள்தான் மடிநோய்க் கிருமிக்கு விளைநிலம். முழுக்க வாரிப் போட்டுட்டு, காஞ்ச வைக்கோல் போடுங்க. கறந்து முடிச்சதும் காம்புத்துளை உடனே மூடாது, அரை மணி நேரத்துக்குக் குறையாம மாடு படுக்காம இருக்கணும். அந்த நேரம் பார்த்து முன்னால தீவனத்தைப் போட்டா தானா நிக்கும். நோய்க்காம்பைக் கடைசியாக் கறங்க. திரிஞ்ச பாலைத் தரைல பீச்சாம ஒரு டப்பால கறந்து தூரக் குழில கொட்டுங்க. கன்னுக்கும் வேண்டாம், சொசைட்டிக்கும் ஊத்தாதீங்க.

மூலிகையோட எல்லையையும் தெரிஞ்சுக்கணும். காய்ச்சல் 103-ஐத் தாண்டினா, தீனியை மறந்தா, பால் தண்ணியாட்டம் மஞ்சளா வந்தா, மடி சூடு போயி ஜில்லுன்னு நீலம் பாஞ்சா, அடுத்த பூச்சுக்குக் காத்திருக்காதீங்க. கால்நடை உதவி எண் 1962-க்குப் போன் போட்டு டாக்டரை வரவழைங்க. நீலம் பாய்ஞ்ச மடி அழுக ஆரம்பிச்சாச்சு, ஒரு ராத்திரி தாமதம் மாட்டையே கொண்டு போயிடும். இது எதுவும் இல்லாட்டியும் மூணாம் நாள் திப்பி குறையலைன்னா காட்டிடுங்க. ஊசி போட்டா, எத்தனை நாள் பால் ஊத்தக்கூடாதுன்னு அவர்கிட்டயே கேட்டுக்கோங்க.

சோலைவாசி:
தைலத்துக்கு மட்டும் பதில் சொல்றேன். நாய்க்கு வேண்டாம். உடம்புல தடவினதை அது நக்காம விடாது. உள்ளே போனா எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும், நடை தள்ளாடும், அளவு மீறினா வலிப்பு வரைக்கும் போகும். ஊட்டிக் கடைகள்ல பக்கத்திலேயே அடுக்கியிருக்கிற விண்டர்கிரீன் தைலம் இன்னும் மோசம், அது ஆஸ்பிரின் வகை. நாய்க்குப் பூண்டு அரைச்சுக் கொடுத்தா உண்ணி விழும்னு ஒரு பேச்சு இருக்கு. பூண்டும் வெங்காயமும் நாயோட ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். உண்ணியைச் சின்னக் குறடால தோலை ஒட்டிப் பிடிச்சு, திருகாம நேரா இழுத்து எடுங்க. சோப்புத் தண்ணில போடுங்க. மண்ணெண்ணெய், சிகரெட் சூடு எதுவும் வேண்டாம். நிறைய இருந்தா எடைக்குத் தக்க மாத்திரை டாக்டர்கிட்ட வாங்கிடுங்க, அதுதான் மலிவும்கூட.

மாட்டுக்கு மூலிகைத் தெளிப்பு உண்டு. பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கை, வேப்பம்பழம் ஒரு கை, வசம்பு 10 கிராம், மஞ்சள் 20 கிராம், உண்ணிச்செடி இலை ஒரு கை, துளசி ஒரு கை. அரைச்சு ஒரு லிட்டர் தண்ணி விட்டு, துணில வடிகட்டி உடம்பு முழுக்கத் தெளிங்க. மலை மேல வேம்பு கிடையாது, அதையும் கீழே இருந்துதான் தருவிக்கணும். வாரம் ஒரு தடவை, வெயில் நேரத்துல மட்டும். பனி மூட்டத்துல நனைச்சா மாடு நடுங்கிப் போகும். கறவைக்கு முன்னால தெளிச்சா பாலுக்குப் பூண்டு வாடை ஏறும், கறந்த பிறகு தெளிங்க. சுவர் இடுக்கு, தீனித்தொட்டிச் சந்துக்கும் அடிங்க. உண்ணி முட்டை வைக்கிறது அங்கதான், மாட்டுமேல இல்லை. அரைச்ச சக்கையை மாடு எட்டாத இடத்துல புதைங்க. உண்ணிச்செடி இலையைத் தின்னா கல்லீரல் கெட்டு மஞ்சள்காமாலை வரும், வெயில் பட்ட இடமெல்லாம் தோல் உரியும்.

கோத்தகிரிக் கறவை:
நன்றிங்க. மரத்தூள்தான் போட்டிருந்தேன், வாரிட்டேன். மற்ற மூணு காம்புல பால் பார்க்க நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ள நோய் இருக்கான்னு வீட்டிலேயே தெரிஞ்சுக்க முடியுமா? வீட்டுப் பூனைக்கும் உண்ணி இருக்கே?

மடிக்காரர்:
முடியும். அரை லிட்டர் தண்ணில 15 கிராம் துணி சோப்புத்தூள் கரைச்சு, அதுவும் அந்தந்தக் காம்புப் பாலும் சம அளவு ஒரு தட்டுல விட்டு, அரை நிமிஷம் சுழட்டுங்க. தண்ணியாவே ஓடினா நல்லது. ஜெல்லி மாதிரி இழுத்துக்கிட்டா மறைவான மடிநோய், அந்தக் காம்பையும் கணக்குல சேர்த்துக்கோங்க. சீம்பால் காலத்துல இது பொய்யாக் காட்டும். உங்க மாடு மூணு வாரம் தாண்டிட்டதால நம்பலாம்.

சோலைவாசி:
பூனைக்கு எந்தத் தைலமும், இந்தத் தெளிப்பும்கூட வேண்டாம். தைலத்தை உடைச்சு வெளியேத்துற திறன் அதோட கல்லீரலுக்கு ரொம்பக் குறைச்சல். குறடு மட்டும். நாய்க்கு வாங்குற உண்ணி மருந்தையும் மிச்சம் இருக்கேன்னு பூனைமேல விட்டுடாதீங்க, பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி கலந்ததா இருந்தா பூனை செத்தே போகும்.