எம்.ஆர்.சி.பி. பார்ட் 1: நிவிக்கு

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள்
ஞாயிறு

[இரவு 8:04] நிவேதா: கவிதாக்கா, பிரபுண்ணா, எம்.ஆர்.சி.பி. (பிரிட்டன்ல டாக்டருங்க எழுதுற மேல்படிப்புத் தேர்வு) பார்ட் 1-க்கு 4 மாசம் இருக்கு. பாஸ்மெடிசின் கேள்வி பேங்க்குக்குப் பணம் கட்டியாச்சு. பாஸ்டெஸ்டும் சேர்த்து வாங்கணுமா?

[8:11] கவிதா: வேண்டாம்டி. ஒரு கேள்வி பேங்க்கை ரெண்டு சுத்து முழுசா முடி. ரெண்டையும் வாங்கினா ரெண்டும் பாதியில நிக்கும்.

[8:13] கவிதா: ரெண்டு தாள், தாளுக்கு 100 கேள்வி, 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு 108 விநாடிதான். நெகட்டிவ் மார்க் கிடையாது, எதையும் காலியா விட்டுட்டு வராதே.

[8:15] நிவேதா: பாஸ் மார்க் 540ன்னா 54 சதவீதமா?

[8:16] பிரபு: இல்லம்மா. அது 0-லேர்ந்து 999 வரைக்கும் இருக்கிற ஸ்கேல்ல 540. தாள் கஷ்டமா ஈசியாங்கிறதைச் சரிக்கட்டித்தான் மார்க் போடுவாங்க. "இத்தனை கேள்வி சரியானா பாஸ்"னு மனசுல கணக்கு வெச்சுக்காதே.

[8:19] பிரபு: தினம் 50 கேள்வி போடு. டைமர் வெச்சு ஒன்றரை மணி நேரத்துல முடிச்சிரு. அப்புறம் விளக்கம் படிக்க 2 மணி நேரம். அந்த 2 மணி நேரத்துலதான் படிப்பே இருக்கு. தப்பானதை மட்டும் குறிக்காதே, குருட்டாம்போக்குல சரியானதையும் குறிச்சு வை. இல்லேன்னா சதவீதம் ஏறிக்கிட்டே போகும், பரீட்சை அன்னைக்குக் காலை வாரிடும்.

[8:24] நிவேதா: கால்சியம் 2.9னு பார்த்தா கை தன்னால "கம்மி"ன்னு போகுதுக்கா.

[8:27] கவிதா: நம்ம ஊர்ல படிச்சவங்க எல்லாரும் சறுக்குற இடம் அது. பிரிட்டன்ல பெரும்பாலும் லிட்டருக்கு மில்லிமோல், நம்ம ஊர்ல டெசிலிட்டருக்கு மில்லிகிராம். கால்சியத்தை 4-ஆல பெருக்கு: 2.9ன்னா 11.6, ஹைப்பர்கால்சீமியா, அதாவது கால்சியம் அதிகம். சர்க்கரைக்கு 18, யூரியாவுக்கு 6. கிரியேட்டினின் மைக்ரோமோல்ல வரும், 88-ஆல வகு. 176ன்னா நம்ம கணக்குல 2. ஹீமோகுளோபின் லிட்டருக்கு கிராம், 85ன்னா 8.5.
முதல் மாசம் மட்டும் மாத்திப் பாரு. அப்புறம் அந்த நம்பரையே நேரா படிக்கப் பழகிடு. 108 விநாடியில பெருக்கிக்கிட்டு உட்கார முடியாது.

[8:33] பிரபு: நோயும் அப்படித்தான். இளம் பொண்ணு, முழங்காலுக்குக் கீழே வலியோட சிவந்த முடிச்சு, கணுக்கால் வீக்கம், எக்ஸ்ரேயில ரெண்டு பக்கமும் ஹைலார் நோடு (நுரையீரல் வேர்ப் பக்கம் நிணநீர் முடிச்சு வீக்கம்). நம்ம வார்டுல டி.பி.தான் முதல்ல நிக்கும். அந்தத் தாள்ல சார்காய்டோசிஸ் (டி.பி. மாதிரியே தெரியுற, ஆனா தொற்று இல்லாத நோய்).

[8:36] பிரபு: பாராசிட்டமால் ஓவர்டோஸும் பார்த்துக்கோ. மாற்று மருந்து கொடுக்கணுமான்னு ரத்த லெவலை வெச்சுப் பார்க்கிற கிராஃப்ல, அமெரிக்கப் புத்தகத்துல கோடு 4 மணி நேரத்துல லிட்டருக்கு 150 மில்லிகிராம்ல ஆரம்பிக்கும். பிரிட்டன்ல 100. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா பல மணி நேரமா விழுங்கியிருந்தா கிராஃப் செல்லாது, லெவலுக்குக் காத்திருக்காம மாற்று மருந்து அசிட்டைல்சிஸ்டீன் ஆரம்பிக்கணும்.

[8:40] கவிதா: அதனாலதான் மருந்து எல்லாம் நைஸ் (பிரிட்டன்ல சிகிச்சை வழிகாட்டி வெளியிடுற அமைப்பு) வழிகாட்டிப்படி படின்னு சொல்றது. முழு ஆவணம் வேண்டாம், பரிந்துரைப் பக்கம் மட்டும். பி.பி.க்கு ஒரே பக்கப் படம் இருக்கு, அதை பிரிண்ட் எடு. டைப் 2 சர்க்கரை இருந்தா எந்த வயசுக்கும் ஏ.சி.இ. இன்ஹிபிட்டர் இல்ல ஏ.ஆர்.பி. சர்க்கரை இல்லாம 55-ம் அதுக்கு மேலயும்னா கால்சியம் சேனல் பிளாக்கர். கொழுப்பு மருந்து அடோர்வாஸ்டாட்டின், இதய நோய் வராம தடுக்க 20 மில்லிகிராம், வந்தவங்களுக்கு 80.

[8:44] நிவேதா: பேசிக் சயின்ஸ் விட்டுடலாமா? 10 வருஷம் ஆச்சு தொட்டு.

[8:45] கவிதா: விடாதே. 200-ல 25 கேள்வி அதுலேர்ந்துதான். அதுல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் 5. மல்லிகா சித்தி இருக்காங்கல்ல, காலேஜ்ல அதைத்தானே சொல்லிக் கொடுத்தாங்க.

[8:58] மல்லிகா சித்தி: இருக்கேன். நிவி, சூத்திரம் மனப்பாடம் பண்ணாதே, கட்டம் போடு. 200 பேர். நோய் உள்ளவங்க 50, அதுல 45 பேருக்கு டெஸ்ட் பாசிட்டிவ். நோய் இல்லாதவங்க 150, அதுல 15 பேருக்கும் பாசிட்டிவ்.
சென்சிடிவிட்டி 50-ல 45, அதாவது 90 சதவீதம்.
ஸ்பெசிஃபிசிட்டி 150-ல 135, அதுவும் 90.
மொத்த பாசிட்டிவ் 60. அதுல நிஜ நோயாளி 45. அதனால பாசிட்டிவ் பிரெடிக்டிவ் வேல்யூ 75.
இப்ப நோயாளியை 50-லேர்ந்து 10 ஆக்கி, மீதி 190 பேரை வெச்சுப் போட்டுப் பாரு.

[9:06] நிவேதா: பாசிட்டிவ் 9, பொய் பாசிட்டிவ் 19. 28-ல 9. 32 சதவீதம்!

[9:07] மல்லிகா சித்தி: பார்த்தியா. டெஸ்ட் மாறல, நோய் அரிதாச்சு, அவ்வளவுதான். இதைத்தான் சுத்திச் சுத்திக் கேப்பாங்க.

[9:10] பிரபு: எம்.ஆர்.சி.பி. தளத்துல மாதிரிக் கேள்வி இலவசமா இருக்கு. அதை இப்ப தொடாதே. கேள்வியோட நிஜ நடை அதுலதான் தெரியும், கடைசி மாசத்துக்கு வை. அப்ப ரெண்டு ஞாயிறு முழு மாக் (ஒத்திகைத் தேர்வு): காலையில 100, மதியம் 100, ஒரே நாள்ல. ரெண்டாவது தாள்ல 60-வது கேள்விக்கு மேல மூளை எப்படிக் களைக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும்.

[9:14] கவிதா: பார்ட் 2, பேசஸ் (நோயாளியைப் பார்த்துச் செய்யுற செய்முறைத் தேர்வு) பத்தி இப்ப யோசிக்காதே. பார்ட் 1 பாஸ் ஆனா 7 வருஷம் செல்லும்.

[9:20] நிவேதா: 4, 18, 6, 88 எழுதி மானிட்டர்ல ஒட்டிட்டேன். சித்தி, என்.என்.டி. (எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தா ஒருத்தருக்குப் பலன்) கணக்குக்கு நாளைக்கு ராத்திரி 8 மணிக்குக் கூப்பிடவா?

[9:21] மல்லிகா சித்தி: ஏழரைக்குக் கூப்பிடு கண்ணு. 8 மணிக்கு சித்தப்பாவுக்கு இன்சுலின் போடணும்.