ஓட்டவும் பிடிக்கணும், குடும்பமும் அடங்கணும்: எந்த மாதிரி கார்?

வளைவுப்பிரியன்:

வணக்கம். வீட்டில் நான்கு பேர். சின்னதுக்கு 10 மாதம், பெரியவனுக்கு 5 வயது. இப்போது இருப்பது சிறிய ஹேட்ச்பேக். பின்நோக்கிய சைல்டு சீட்டை மாட்டினால் அதற்கு முன்னால் உட்காருபவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. குழந்தையின் தள்ளுவண்டியை வைத்தாலே டிக்கி நிறைந்துவிடுகிறது.

கேட்டவர்கள் எல்லோரும் எஸ்யூவி வாங்கச் சொல்கிறார்கள். எனக்கோ ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கார் உடனே கேட்க வேண்டும், வளைவில் படகு மாதிரி சாயக்கூடாது. 150 குதிரைத்திறன் அளவில் செடான், எஸ்டேட் (கூரை பின்வரை நீளும் நீண்ட டிக்கிக் கார்), கிராஸ்ஓவர் (எஸ்யூவி மாதிரி உயர்ந்த கார்) மூன்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குதிரைத்திறன், டிக்கி லிட்டர் இரண்டையும் விட்டால் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றாம்கியர்:

எடையில் தொடங்குங்கள். 1,400 கிலோ காரில் 150 குதிரைத்திறன் என்றால் டன்னுக்கு சுமார் 107. நான்கு பேர், சைல்டு சீட்டுகள், பெட்டிகள் என்று 300 கிலோ ஏறினால் அதுவே 88 ஆகிவிடும். தனியாக ஓட்டிப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். குடும்பத்தோடு போகும்போது யாரும் நிமிடத்துக்கு 6,000 சுற்றுக்கு எஞ்சினை விரட்டப்போவதில்லை. 1,500 முதல் 3,000 சுற்றுக்குள் எவ்வளவு டார்க் (எஞ்சினின் திருப்புவிசை) கிடைக்கிறது என்பதே காரியம். உச்ச பவர் கொஞ்சம் குறைந்தாலும், கீழேயே டார்க் தரும் எஞ்சினை எடுங்கள்.

அடுத்தது உயரம். ஈர்ப்பு மையம் மேலே போகப்போக, அதே வளைவில் அதே வேகத்தில் கார் அதிகம் சாயும். அதைத் தடுக்கத் தயாரிப்பாளர் ஸ்பிரிங்கையும் ஆன்டி ரோல் பாரையும் இறுக்குகிறார். ஆன்டி ரோல் பார் இடது, வலது சக்கரங்களை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் கம்பி. அது விறைப்பாக இருந்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது மொத்த உடலும் பக்கவாட்டில் வெட்டும். ஓட்டுபவருக்கு ஸ்டீயரிங் பிடிமானம் இருக்கிறது. சைல்டு சீட்டில் இருக்கும் குழந்தையின் தலைதான் இடமும் வலமும் ஆடும். உயரமான காரை வளைவில் நன்றாக ஓட வைக்கலாம், ஆனால் அதற்கான விலையைப் பின்சீட்டுதான் கொடுக்கும்.

அதனால்தான் என் ஓட்டு எஸ்டேட்டுக்கு. ஹேட்ச்பேக்கின் அடித்தளமும் தாழ்வான உடலும் அப்படியே கிடைக்கின்றன, டிக்கி மட்டும் நீள்கிறது. ஏறி இறங்க முதுகு ஒத்துழைக்காத பெரியவர்கள் அடிக்கடி வருவார்கள், அல்லது கரடுமுரடான பாதை தினசரி உண்டு என்றால் மட்டும் கிராஸ்ஓவர் பக்கம் போங்கள்.

பின்சஸ்பென்ஷனையும் பாருங்கள். டார்ஷன் பீம் என்றால் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே தண்டு இணைக்கும். இடத்தை அடைக்காது, செலவும் குறைவு. ஆனால் வளைவின் நடுவில் மேடு வந்தால் ஒரு சக்கரத்தின் அசைவு மற்றதையும் தொந்தரவு செய்யும், பின்பக்கம் லேசாகத் துள்ளும். ஒவ்வொரு பின்சக்கரத்தையும் தனித்தனியாகப் பல கம்பிகளால் தாங்கும் மல்டிலிங்க்கில் இது குறைவு. ஒரே மாடலிலேயே இரண்டும் வரும். 7ஆம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபில் பவர் குறைந்த எஞ்சின்களுக்கு டார்ஷன் பீம், கூடியவற்றுக்கு மல்டிலிங்க். ஆகவே மாடல் பெயரை நம்பாமல், நீங்கள் வாங்கும் அதே வேரியன்ட்டின் தொழில்நுட்பப் பக்கத்தைப் படியுங்கள். அதற்காக டார்ஷன் பீம் என்றதுமே ஒதுக்கவும் வேண்டாம். 2019இல் வந்த மாஸ்டா 3 மல்டிலிங்க்கை விட்டு டார்ஷன் பீமுக்கு மாறிய கார்தான். ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பின்சீட்டுப்பார்வை:

சைல்டு சீட்டை ஷோரூமுக்குக் கையோடு எடுத்துப் போங்கள். முதலில் இருவரும் முன்சீட்டுகளை உங்கள் உயரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே பின்நோக்கிய சீட்டை மாட்டுங்கள். இந்த வரிசை மாறினால் விற்பனையாளர் முன்சீட்டை முன்னுக்குத் தள்ளி "இடம் இருக்கிறதே" என்பார்.

சைல்டு சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகளின் மையங்களுக்கு இடையே 280 மிமீ என்பது எல்லாக் காரிலும் ஒன்றுதான். அவை எங்கே இருக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். சீட் துணிக்குள் ஆழமாகப் புதைந்திருந்தால் ஒவ்வொரு முறையும் விரல் நோகும். உங்கள் சைல்டு சீட்டுக்குத் தாங்குகால் இருந்தால், அது நிற்கும் இடத்தில் தரைக்கு அடியில் சேமிப்புப் பெட்டி உண்டா என்று பாருங்கள். வெற்றுப் பெட்டியின் மூடிமேல் தாங்குகால் நிற்கக்கூடாது, மோதலில் மூடி உடைந்து சீட் முன்னால் சரியும். சில கார்களுக்கு அந்தப் பெட்டியை நிரப்பத் தனி அடைப்பு தருகிறார்கள். காரின் கையேட்டில் இருக்கும்.

ஐ-சைஸ் என்ற சைல்டு சீட் பாதுகாப்பு விதியில் குழந்தைக்குக் குறைந்தது 15 மாதம் ஆகும்வரை பின்நோக்கித்தான் உட்கார வேண்டும், அதற்கு மேலும் நீட்டித்தால் நல்லது. சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோ வரைதான் ஐசோஃபிக்ஸின் கணக்கு. பெரியவனுக்கு முதுகு உயர்ந்த பூஸ்டர் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) போதும், அவனைப் பிடித்து நிறுத்துவது காரின் பெல்ட். எனவே பெல்ட் பக்கிள் பூஸ்டருக்கு அடியில் மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் 5 வயதுப் பிள்ளையால் தானாக மாட்ட முடியாது.

டிக்கி லிட்டரை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். 200 × 100 × 50 மிமீ கட்டைகளை அடுக்கி அளக்கும் முறை ஒன்று உண்டு. ஒரு கட்டை ஒரு லிட்டர். தரைக்கு அடியில் உள்ள குழியையும் சேர்த்துச் சிலர் எண் சொல்வார்கள். தள்ளுவண்டி அந்தக் குழிக்குள் இறங்காது. வாயின் அகலம், ஏற்றும் விளிம்பின் உயரம், ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, இந்த மூன்றும்தான் தினமும் கைக்குத் தெரியும். செடானில் லிட்டர் நிறைய இருந்தாலும் வாய் குறுகல்.

திருகுவிசை:

கியர்பாக்ஸை யாரும் தொடவில்லை. நெரிசலில் ஊர்வது அதிகம் என்றால் உலர் கிளட்ச் வகை டூயல் கிளட்ச்சில் (எண்ணெயில் நனையாத இரண்டு கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக்) எச்சரிக்கை தேவை. பாதிக் கிளட்ச்சில் ஊரும்போது அது சூடாகும், நகரத் தொடங்கும்போது வெட்டும். எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் அங்கே மென்மையானது. தனித்தனி கியர் இல்லாத சிவிடி ஆட்டோமேட்டிக் குடும்பத்துக்கு இதம், ஆனால் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் சத்தம் முதலில், வேகம் பிறகு. உங்கள் ரசனைக்கு ஒத்துவராது.

பிள்ளைகளுக்குக் குமட்டல் வருவது பெரும்பாலும் நொடிக்கு 0.2 முறை அளவிலான மெதுவான ஆட்டத்தால். தொளதொளவென்ற சஸ்பென்ஷனோடு, பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் மாற்றி மாற்றி மிதிப்பதும் அதைக் கூட்டும். எலக்ட்ரிக் கார் பார்த்தால் ஒற்றைப் பெடல் முறையைத் தளர்த்தி வைத்து ஓட்டுங்கள். காலை எடுத்ததும் கார் வெடுக்கென்று வேகம் குறைவது பின்சீட்டுக்கு ஆகாது. ஜன்னல் விளிம்பு உயர்ந்துகொண்டே போகும் வடிவமைப்பும் பிள்ளையின் பார்வையைக் கதவுக்குள் அடைத்துவிடும்.

வளைவுப்பிரியன்:

மிக்க நன்றி. எஸ்டேட் பக்கம் சாய்ந்துவிட்டேன். ஒரே எஞ்சினில் இரண்டு வேரியன்ட் இருக்கிறது: 16 அங்குலச் சக்கரத்தோடு சாதாரண சஸ்பென்ஷன், 18 அங்குலத்தோடு ஸ்போர்ட் சஸ்பென்ஷன். மனம் இரண்டாவதைத்தான் கேட்கிறது.

மூன்றாம்கியர்:

205/55 ஆர்16 டயரின் பக்கச்சுவர் சுமார் 113 மிமீ. 225/40 ஆர்18 என்றால் 90 மிமீ. மொத்த விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆக அதிர்ச்சியை வாங்கும் ரப்பரில் 23 மிமீ போய்விடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் ரிம் வளைவதும் பக்கச்சுவர் வீங்குவதும் 18இல்தான் சுலபம். திருப்பியதும் கேட்கும் கூர்மை கூடும், மறுக்கவில்லை. ஆனால் 16 அல்லது 17 அங்குலத்தில் நல்ல தரமான டயர் போட்டால் அந்தக் கூர்மையின் பெரும்பகுதி வந்துவிடும். விறைப்பை மாற்றும் அடாப்டிவ் ஷாக் அப்சார்பர் விருப்பத் தேர்வாகக் கிடைத்தால், பெரிய சக்கரத்துக்குப் போகும் பணத்தை அதில் போடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு முன் டயர் காற்றழுத்தத்தை அளந்துகொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்து அதிக அழுத்தத்தோடு வரும் காரைச் சரிசெய்யாமலே ஓட்டக் கொடுப்பதுண்டு. நல்ல சஸ்பென்ஷன்கூடக் கட்டைவண்டி மாதிரி தெரியும். ஓட்டுநர் கதவுத் தூணிலோ எரிபொருள் மூடியிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று சாதாரணச் சுமைக்கு, மற்றது முழுச்சுமைக்கு. நான்கு பேரையும் ஏற்றி, முழுச்சுமை எண்ணுக்குக் காற்றை வைத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் மோசமான சாலையிலேயே அரைமணி நேரம் ஓட்டுங்கள். அதில் பாதி நேரம் ஸ்டீயரிங்கைத் துணைவரிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருங்கள்.