இம்ப்யூட்டேஷனுக்கு (விடுபட்ட விடைகளைக் கணித்து நிரப்புவது) பிறகு ஸ்டாண்டர்ட் எரர் (மதிப்பீட்டின் பிழையளவு) ஏன் இவ்வளவு சுருங்குது?

செம்பனைப்பூ, சுங்கை சிப்புட், மலேசியா: தோட்ட லயங்களில் 412 பேரிடம் எடுத்த சர்வே. ரத்தக்கொதிப்பு உண்டா இல்லையா என்பது விளைவு. 90 பேர் சம்பளம் சொல்லவில்லை. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் அதை 5 முறை நிரப்பி லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் (உண்டா இல்லையா என்ற விளைவுக்கான மாடல்) ஓட்டினால் N (ஆள் எண்ணிக்கை) 2,382 காட்டுது, சம்பளத்தின் ஸ்டாண்டர்ட் எரர் 0.05. ஒருவருக்குச் சம்பளம் மைனஸ் 180 வெள்ளி! எங்கே தவறு?

பால்மரம்: N-ஐப் பார்த்தாலே தெரியுதே தங்கச்சி. 412 × 5 = 2,060; மூலத்தில் முழுசா இருக்கிற 322 பேரும் சேர்ந்து 2,382. ஒரே ஆளை ஐந்தாறு பேராக எண்ணியிருக்கு. டேட்டா மெனுவில் ஸ்பிளிட் ஃபைல் போய், கம்பேர் குரூப்ஸில் 'இம்ப்யூட்டேஷன்_' மாறியைப் போட்டு மறுபடி ஓட்டுங்க. கடைசியில் 'பூல்ட்' (எல்லா நிரப்பலையும் சேர்த்த விடை) வரிசை வரும். அதைத்தான் எழுதணும்.

கையால் சரிபார்க்க ஒரு மாதிரிக் கணக்கு: ஐந்து நிரப்பலிலும் வந்த சம்பளக் கெழுக்கள் (விளைவோடு உள்ள தொடர்பின் அளவு) 0.40, 0.52, 0.46, 0.58, 0.44. சராசரி 0.48. ஒவ்வொன்றின் எரரும் 0.12 என்றால் உள் மாறுபாடு 0.0144. கெழுக்களுக்கு இடையே மாறுபாடு 0.005, அதை 1.2-ஆல் (1 + 1/5) பெருக்கிச் சேர்த்தால் 0.0204. வர்க்கமூலம் 0.143. புள்ளியியலாளர் ரூபின் 1987-இல் எழுதிய விதி இதுதான். ஆட்ஸ் ரேஷியோவை (கெழுவை e-இன் அடுக்காக மாற்றினால் வருவது) சராசரி எடுக்காதீங்க; லாக் அளவில், அதாவது கெழுக்களாகவே, சேர்த்துவிட்டுக் கடைசியில் மாற்றினால் 1.62.

கிராணி மேசை: மைனஸ் 180 வருவது லீனியர் ரிக்ரெஷனால் நிரப்பியதால்தான். சம்பளம் ஒருபக்கமாகச் சாயும் எண். மெத்தட் டேபில் கஸ்டம், அதில் பிஎம்எம் (ப்ரெடிக்டிவ் மீன் மேட்சிங்) தேர்ந்தெடுங்க. வேறு யாரோ உண்மையில் சொன்ன சம்பளத்தையே எடுத்து நிரப்பும். ரத்தக்கொதிப்பையும் நிரப்பும் மாடலில் சேர்த்தீங்களா? விட்டிருந்தால் கெழு பூஜ்யத்தை நோக்கி இழுபடும். 22 விழுக்காடு விடுபட்டிருக்கு, 5 முறை நிரப்பினால் போதாது, 25 வைங்க. ஓட்டுமுன் ராண்டம் சீடையும் (தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்) போடுங்க, இல்லாவிட்டால் நாளைக்கு வேறு விடை வரும்.

தோட்டத்துச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) சம்பளம் இருந்தால், அனுமதி வாங்கி அதையே எடுப்பது மேல். ஓவர்டைம் நிறைய வாங்குகிறவர்களே மறைத்திருந்தால் பிஎம்எம்மும் காப்பாற்றாது.

செம்பனைப்பூ: ஸ்பிளிட் போட்டதும் பூல்ட் வரிசை வந்துடுச்சு அண்ணே. ஆனா நேகல்கெர்க் ஆர்-ஸ்குவேருக்கு (மாடல் விளைவை எவ்வளவு விளக்குது என்ற அளவு) மட்டும் பூல்ட் இல்லையே?

பால்மரம்: எஸ்பிஎஸ்எஸ் அதைச் சேர்க்காது. 25 செட்டிலும் வந்த குறைந்தது, கூடியது இரண்டையும் கொடுத்துடுங்க.