கொள்ளிடம் பாலத்திலிருந்து கொடியம்பாளையம்: தட்டைப் படகில் எந்த நேரம் இறங்குவது?

சீர்காழிக்காரன்:

வணக்கம். என்னிடம் 26 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. அடி தட்டை. 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு எஞ்சின். கொள்ளிடம் பாலத்துக்குக் கீழே இறக்கி, ஆற்றோடு போய், பழையாறு முகத்துவாரத்துக்குச் சற்று முன்னால் வடக்கே திரும்பிக் கொடியம்பாளையம் சேர வேண்டும். கடலுக்குள் போகும் எண்ணம் இல்லை.

மாசியில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அமாவாசைக்கு மறுநாள். தண்ணீர் நிறைய இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் கிளம்பினேன். காலை 9.30க்கு ஆறு கரை தொட்டு நின்றது. முதலைமேடு தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும், 11 மணி வாக்கில், சர்ரென்று ஒரு சத்தம். படகு நின்றுவிட்டது. எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளினேன், கழிதான் சேற்றில் ஒரு முழம் இறங்கியது. இறங்கித் தள்ளலாம் என்று காலை வெளியே போட்டபோது கரையில் ஆடு மேய்த்த பெரியவர், "இறங்காதீங்க தம்பி, முதலை கிடக்கும்" என்று கத்தினார். ஒரு மணி நேரத்தில் படகைச் சுற்றித் தண்ணீரே இல்லை. மறுபடி மிதந்தபோது இரவு 8 மணி தாண்டிவிட்டது. கையில் ஒரு பாட்டில் தண்ணீர், டார்ச் கிடையாது. என் பையனும் கூட இருந்தான். அதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

இந்த ஆசை எனக்கு வந்தது இங்கிலாந்தில். 2019ல் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை ஒரு நேரோபோட்டை வாடகைக்கு எடுத்து டிரென்ட் ஆற்றில் கூட்டிப்போனார். 7 அடிக்கும் குறைவான அகலம், 57 அடி நீளம், முழுக்க இரும்பு, தட்டை அடி. ஆடாத கால்வாய்த் தண்ணீருக்காகச் செய்த படகு அது. குரோம்வெல் லாக் என்ற நீர்க்கதவு வரை ஆறு குளம் மாதிரி இருந்தது. அந்தக் கதவைத் தாண்டியதும் கடலின் ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது. லாக் காப்பாளர் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று சொன்னார், அதன்படி போனோம். வளைவுகளில் உள்பக்கம் ஒட்டாதீர்கள், அங்கேதான் மணல் சேரும் என்றார். நங்கூரம் கயிறோடு தயாராக இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

நம் ஆற்றில் அப்படி நேரம் சொல்ல யாரும் இல்லை. அதனால் இங்கே கேட்கிறேன்.

திட்டுக்காட்டூர் பேரன்:

அண்ணே, நல்லவேளை, உயிரோடு திரும்பினீர்கள். எங்கள் தாத்தா திட்டில் படகு விட்டவர். சின்ன வயதில் அவரோடு போன பழக்கத்தில் சொல்கிறேன்.

நீங்கள் தவறியது நாளில். அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாளில் தண்ணீர் உச்சத்துக்கு ஏறும் என்பது சரிதான். ஆனால் அதே அளவு கீழேயும் வற்றும். அதோடு, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏற்றம் குறைந்துகொண்டே போகும். உச்சத்தில் மிதந்து போய் ஒரு மேட்டில் உட்கார்ந்துவிட்டால் அடுத்த ஏற்றம் அந்த மேட்டைத் தொடாமல் போகலாம். பத்துப் பதினைந்து நாள் படகு அங்கேயே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தாத்தா புது ஓட்டத்தில் போவதானால் அஷ்டமி கழிந்த பிறகுதான் கிளம்புவார். அப்போது ஏற்றம் நாளுக்கு நாள் கூடும். இன்றைக்குத் தட்டினாலும் நாளைய தண்ணீர் தூக்கிவிடும். ஓட்டத்தின் வேகமும் குறைவு.

அடுத்தது நேரம். வற்ற ஆரம்பித்ததுமே தட்டினால் உங்களுக்கு நடந்ததுபோல 9, 10 மணி நேரம் காத்திருக்க வேண்டும். முழுக்க வற்றி முடியும் சமயத்தில் தட்டினால் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான். ஏறும் தண்ணீரில் தட்டினால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் மிதக்கும். அதனால் ஆற்றில் வற்றத்தின் பின்பாதியில் மெதுவாக இறங்குங்கள். அந்நேரம் மேடெல்லாம் வெளியே தெரியும், ஆழம் எங்கே ஓடுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். வடக்கே திரும்பும் இடத்துக்கு முன்னால் நங்கூரம் போட்டுச் சாப்பிடுங்கள். தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் வடக்கே பிரியும் உப்பங்கழிக்குள் நுழையுங்கள். ஏற்றமே கொடியம்பாளையம் வரை தூக்கிக்கொண்டு போகும்.

இன்னொன்று. கடலோரத்தில் தண்ணீர் ஏற ஆரம்பித்த பிறகும் பாலத்துப் பக்கம் கொஞ்ச நேரம் வற்றிக்கொண்டுதான் இருக்கும். கரையில் நின்று பார்த்து முகத்துவாரத்தின் நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு நாளும் ஏற்றம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மகேந்திரப்பள்ளி டீச்சர்:

திட்டுத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. நான் தென்கரை. மாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆடியில் மேட்டூர் நிரம்பி முக்கொம்பிலிருந்து உபரி நீரைக் கொள்ளிடத்தில் திருப்பிவிட்டால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. 2022 ஆகஸ்டில் 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல் மூன்றையும் தண்ணீர் சூழ்ந்தது. எங்கள் பள்ளிப் பிள்ளைகளைப் படகில்தான் கொண்டுவந்தோம். அப்படிப்பட்ட நாளில் கடல் ஏறினாலும் ஆறு கீழ்நோக்கியே ஓடும், ஏற்றத்தை நம்பிப் போனவர் முகத்துவாரத்துக்கே தள்ளப்படுவார். அங்கே கடல்காற்று எதிரே அடித்தால் அலை செங்குத்தாக எழும். தட்டைப் படகு அதில் நிற்காது. வெள்ளம் வடிந்ததும் மேடுகள் இடம் மாறியிருக்கும், போன வருடத்து வழி இந்த வருடம் இருக்காது.

பங்குனி, சித்திரையில் ஆற்று நீர் குறைவு, கடலின் ஏற்ற இறக்கம் மட்டும்தான். ஆனால் மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து சோழகக் காற்று வலுக்கும். மதியத்துக்குள் உப்பங்கழிக்குள் போய்விடுகிற மாதிரி ஏற்றம் அமையும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் ஏற்றவற்ற நேரமும் அலை உயரமும் இணையத்தில் வெளியிடுகிறது. பிச்சாவரம் காட்டு ஓடைகளுக்குள் போவதானால் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

பையனைக் கூட்டிப்போவதாக இருந்தால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள், தயவுசெய்து.

பழையாறு:

சார், ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கழியில் ஒரு முழத்துக்கு ஒரு சிவப்புத் துணி கட்டி வையுங்கள். முன்னால் ஒருவர் நின்று குத்திக்குத்திச் சொல்லட்டும். இரண்டு முழத்துக்குக் கீழே வந்தால் எஞ்சினைப் பாதி தூக்குங்கள். சேறு உறிஞ்சினால் எஞ்சின் தண்ணீர் துப்புவது நின்றுவிடும், உடனே அணைக்காவிட்டால் சூடேறிப் போய்விடும். நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது இருக்கணும். உப்பங்கழிக்குள் திரும்புகிற இடத்தில் வலை கட்டியிருப்போம், தெர்மோகோல் மிதப்பு தெரியும். அதற்கு வெளியே சுற்றி வாருங்கள். எஞ்சின் ஃபேனில் வலை சுற்றினால் உங்களுக்கும் நஷ்டம், எங்களுக்கும் நஷ்டம்.

சீர்காழிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தண்ணீர் அதிகம் இருந்தால் பாதுகாப்பு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வரும் தேய்பிறை அஷ்டமிக்கு மூன்றாம் நாள் நேரம் சரியாக அமைகிறதா என்று இன்று இரவே பார்க்கிறேன். திட்டுத் தம்பி, அன்றைக்கு முன்னால் நின்று கழி குத்த உங்களால் வர முடியுமா? சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறேன்.