ஃபாரின் கீ பக்கத்தைத் திருத்த உதவி வேண்டும்

நண்பர்களே, எங்கள் டீமில் புதிதாகச் சேருபவர்களுக்குக் கொடுக்கும் டேட்டாபேஸ் கையேட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஃபாரின் கீ (ஒரு டேபிளில் எழுதும் மதிப்பு, அது சுட்டும் இன்னொரு டேபிளில் இருக்க வேண்டும் என்ற விதி) பகுதியில் ஏகப்பட்ட தவறுகள்.

ஃபாரின் கீ போட்டால் இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) தானாக வந்துவிடும் என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். மைஎஸ்கியூஎல்லின் ஸ்டோரேஜ் எஞ்சினான இன்னோடிபியில் அது சரி, ஆனால் போஸ்ட்கிரெஸ் அப்படிச் செய்யாது, ஆர்டர் டேபிளில் இருக்கும் கஸ்டமர் ஐடிக்கு நாமேதான் இன்டெக்ஸ் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே ஒரு கஸ்டமரை நீக்கினாலும் ஆர்டர் டேபிள் முழுவதையும் அது தேடிப் பார்க்கும். டேபிள் சின்னதாக இருக்கும்வரை இது கண்ணில் படாது என்பதுதான் ஆபத்து.

அப்புறம், இன்னொரு டேபிள் சுட்டும் வரியை நீக்கவோ மாற்றவோ விடாமல் தடுக்கும் நோ ஆக்‌ஷனும் ரெஸ்ட்ரிக்டும் ஒன்று என்கிறது கையேடு. இன்னோடிபியில் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸில் நோ ஆக்‌ஷன் சோதனையை டிஃபரபிள் (தள்ளிப்போடக்கூடியது) என்று அறிவித்து கமிட் (மாற்றங்களை உறுதிசெய்யும் கட்டம்) வரை தள்ளிப்போடலாம், ரெஸ்ட்ரிக்டைத் தள்ளிப்போட முடியாது. எஸ்கியூலைட்டில் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் பிராக்மா ஃபாரின் கீஸ் என்ற செட்டிங்கைத் தனியாக ஆன் செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான், ஏனென்றால் அதை ஆன் செய்யாவிட்டால் விதி அமலாகாது, ஆனாலும் விதி எழுதியாயிற்று, டேட்டா பத்திரம் என்று புதியவர் நம்பிவிடுவார்.

ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் தினமும் பயன்படுத்துபவர்கள் யாராவது என் வரைவைப் படித்துப் பார்க்க முடியுமா? மைஎஸ்கியூஎல் 8.4, 9.0 இரண்டும் வைத்திருப்பவர்கள், ஃபீல்டு வரியிலேயே ரெஃபரன்ஸஸ் (ஃபாரின் கீ எந்த டேபிளைச் சுட்டுகிறது என்று சொல்லும் பகுதி) எழுதி ஒரு டேபிள் உருவாக்கி, ஷோ கிரியேட் டேபிள் (டேபிளின் வரையறையைக் காட்டும் கட்டளை) என்ன காட்டுகிறது என்று அப்படியே ஒட்டுங்கள். பழையது அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், 9.0 ஏற்றுக்கொள்ளும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட விரும்புகிறேன்.