'ஸ்டாட்யூட்டரி ரேப்': தமிழில் என்ன வைக்கலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

செ., ஆஸ்டின்:

குழுவினருக்கு வணக்கம். இங்கே டெக்சஸில் தமிழ்ப் பெற்றோருக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. பிள்ளைகளின் காதல், வயதுச் சட்டம், வழக்கு வந்தால் வக்கீலிடம் என்ன கேட்பது, இவைதான் உள்ளே. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் வரைவில் "சட்டப்பூர்வ கற்பழிப்பு" என்று இருந்தது. படித்துப் பார்த்த ஓர் அம்மா, "சட்டமே அனுமதிக்குதா தம்பி?" என்று கேட்டார். அன்று இரவே அதை அடித்துவிட்டேன்.

சொல்ல வேண்டியது இதுதான். இளையவர் முழுமனதோடு ஒத்துக்கொண்டிருந்தாலும், டெக்சஸில் 17 நிறையாவிட்டால் குற்றம். நியூ ஜெர்சியில் அந்த எல்லை 16, கலிஃபோர்னியாவில் 18. மிரட்டல் இருந்ததா, கட்டாயம் இருந்ததா என்ற கேள்வியே எழாது. அந்த வயது எல்லையைக் குறிக்கும் 'ஏஜ் ஆஃப் கன்சென்ட்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். "சம்மத வயது" என்று போட்டால் கல்யாண வயது என்று படிக்கிறார்கள்.

இரா., மதுரை:

அன்புள்ள செ., சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கைக்கிளை நூற்பாவில் தொல்காப்பியர் "காமம் சாலா இளமையோள்" என்கிறார். சாலுதல் என்றால் நிறைதல், தகுதல். சால்பும் சான்றோரும் அந்த வேரில் பிறந்தவையே. எனவே 'சால் அகவை', அதற்குக் கீழே 'சாலா அகவை'. குற்றத்துக்குச் 'சாலாப் புணர்ச்சி'. வயது வடசொல், அதைத் தவிர்க்கலாம். 'ஸ்டாட்யூட்' (இயற்றப்பட்ட சட்டம்) இலத்தீனில் நிறுத்துதல், நிலைநாட்டுதல் என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. நம் 'நில்', 'நிறு', 'நிறுவு' வரிசையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'நிறுவுச் சட்டம்' என்று ஆளலாம்.

வி., சென்னை:

ஐயா, சாலா மிக அழகான சொல். ஆனால் கைக்கிளை ஒருதலைக் காமம். இங்கே இருவரும் ஒத்துக்கொண்டதுதான் சிக்கலே. தவிர, பையனைப் போலீஸ் அழைத்துப்போன இரவில் கையேட்டைப் பிரிக்கிற அப்பாவுக்கு 'சாலா அகவை' விளங்காது. 'அகவை' பிறந்தநாள் சுவரொட்டியோடு நின்றுவிட்ட சொல்.

'கற்பழிப்பு' வேண்டவே வேண்டாம், பழியைப் பெண்ணின் கற்பின்மேல் ஏற்றுகிற சொல் அது. 'வன்புணர்வு' பொதுவாக நல்ல சொல்தான், ஆனால் வன்மை உள்ளேயே இருக்கிறது. சட்டம் வன்மையைக் கேட்காத இடத்தில் அதை வைத்தால், "என் மகன் அடிக்கவில்லையே, மிரட்டவில்லையே, அப்புறம் எப்படி?" என்பார்கள். கலிஃபோர்னியா 1970இலேயே இந்தக் குற்றத்தை வன்புணர்வுப் பிரிவிலிருந்து பிரித்து, 'சட்டத்துக்குப் புறம்பான உடலுறவு' என்று பெயர் மாற்றிவிட்டது. நாமும் 'சிறாருடன் சட்டவிரோத உடலுறவு' என்று போவோம்.

க., டொரொண்டோ:

ஈழத்தில் 'ஸ்டாட்யூட்' என்றால் நியதிச்சட்டம்தான். புதிதாக நிறுவத் தேவையில்லை. 'பாலியல் வல்லுறவு' என்பதும் எங்கள் பத்திரிகைகளில் நாளாந்தம் வரும் சொல். இரண்டையும் சேர்த்து 'நியதிச்சட்ட வல்லுறவு' என்பேன். இங்கிலாந்தில் 1275ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் இப்படியொரு வயது எல்லையை வைத்தது. ஆங்கிலப் பெயரில் அந்த அடையாளம் இருக்கிறது, எங்கள் பெயரிலும் இருக்கட்டுமே.

செ., ஆஸ்டின்:

க. அண்ணா, 'வல்'லிலும் அதே சிக்கல் இருக்கிறதே. அப்புறம், டெக்சஸ் சட்டத்தில் 'ஸ்டாட்யூட்டரி ரேப்' என்ற பெயரே கிடையாது, பாலியல் தாக்குதல் பிரிவுக்குள்தான் வருகிறது. குற்றப்பத்திரிகையில் அதுதான் இருக்கும். கையேட்டில் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும்.

எனக்கு அதைவிடப் பெரிய தலைவலி எதிர்வாதப் பகுதி. வயது நெருக்கத்துக்கான சலுகையை இங்கே 'ரோமியோ ஜூலியட் சட்டம்' என்கிறார்கள். தமிழில் ரோமியோ என்றால் பேருந்து நிறுத்தத்தில் பெண்களைச் சீண்டுகிறவன். அந்தப் பெயரில் சலுகை என்று எழுதவே முடியாது.

வி., சென்னை:

'வயது நெருக்க விலக்கு' என்று எழுதாதீர்கள். விலக்கு என்றால் வழக்கே வராது என்று நம்பிவிடுவார்கள். டெக்சஸில் வயது வித்தியாசம் 3 ஆண்டுக்கு மேற்படாமல், இளையவருக்கு 14 நிறைந்திருந்தால், வேறு சில நிபந்தனைகளோடு அதை எதிர்வாதமாக வைக்கலாம். நிரூபிக்கிற சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது. 'வயது நெருக்க எதிர்வாதம்' என்று போட்டு, "நீங்களே நிரூபிக்க வேண்டும்" என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள். கலிஃபோர்னியாவில் 3 ஆண்டுக்குள் என்றாலும் குற்றம் குற்றம்தான், தரம்தான் குறையும்.

'வயதுத் தவறெண்ணம்' என்றும் ஒரு சொல் தேவைப்படும். 1964இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், வயது நிறைந்துவிட்டது என்று நியாயமாக நம்பியிருந்தால் அதை எதிர்வாதமாக ஏற்கலாம் என்றது. அந்த வழக்கில் பெண்ணுக்கு 17 வயது 9 மாதம். மேரிலாந்து 1993இல் ஏற்க மறுத்தது. அங்கே பையனுக்கு 20 வயது, மனவளர்ச்சி குன்றியவன், பெண்ணுக்கு 13. டெக்சஸிலும் "தெரியாது" என்பது எடுபடாது. ஆகவே மாநிலத்தின் பெயர் இல்லாமல் இந்தச் சொல் ஓரிடத்திலும் வரக்கூடாது.

இரா., மதுரை:

எதிர்வாதம் சரி. 'தவறெண்ணம்' வேண்டாம், தீய எண்ணம் என்று படிக்க இடம் தருகிறது. 'வயது மயக்கம்' என்க. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதே மயக்கம். பொருந்தாக் காமத்தைச் சொல்லும் பெருந்திணை நூற்பாவின் 'மிடல்' வலிமையைக் குறிப்பது. வல்லுறவுக்கு அதையும் ஒருநாள் விரிவாக எழுதுகிறேன்.

செ., ஆஸ்டின்:

ஐயா, இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. 'மயக்கம்' என்றதும் மருந்து கொடுத்த வழக்கு என்று நினைப்பார்களோ என்று பயமாக இருக்கிறது. "வயதைத் தவறாக நம்புதல்" என்று வினையாகவே விடுகிறேன். வயது எல்லைக்கு 'இசைவு வயது', முதல் முறை வரும்போது "இதற்குக் கீழே சம்மதம் செல்லாது" என்ற விளக்கத்தோடு. செல்லாத நோட்டு எல்லோருக்கும் தெரியும். குற்றத்துக்கு 'சிறாருடன் சட்டவிரோத உடலுறவு'. ஐந்து பேர் ஆதரவு, இரண்டு பேர் மறுப்பு. காலையில் அனுப்புகிறேன்.

இரா., மதுரை:

'வயது' நிற்கட்டும், 'சாலா'வை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

க., டொரொண்டோ:

தம்பி, பதினாறு வயதுப் பிள்ளைகள் இருவரை மனதில் வைத்துத்தான் எல்லாரும் சொல் தேடினீர்கள். அவர்களுக்கு உங்கள் சொல் பொருந்தும். அதே சட்டத்தில் 13 வயதுப் பிள்ளையும் 30 வயது ஆளும் வருவார்கள். அந்தப் பிள்ளையின் தாயும் இந்தக் கையேட்டைத்தான் வாசிப்பா. அந்தப் பிள்ளைக்கு நடந்ததை 'உடலுறவு' என்று அச்சடிக்க என்னால் ஒத்துக்கொள்ள ஏலாது. மறுப்பை மறுப்பாகவே பதிந்துகொள்ளுங்கோ.